அக்கா அறுத்த இணைப்பு

ஆகஸ்ட் 3, 2008, ஞாயிறு
தைரியமாக எழுதலாம். வேலூரில் படித்தவன் நான். டெல்லியிலேயே வளர்ந்த சிந்து அக்காவுக்குத் தமிழ் படிக்க வராது. அப்பா அலுவலகக் கோப்பைத் தவிர எதையும் படிப்பதில்லை. அம்மாவுக்கு டி.வி. போதும்.

வியாழனன்று அக்காவின் லேப்டாப் திருடுபோனது. வேலைக்குச் சேர்ந்ததும் கடன் போட்டு வாங்கியது. நேற்று அப்பா பொன்னியக்கா மேல் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். பொன்னியக்கா மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப்பகுதியிலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு வருபவர். நாங்கள் எல்லோரும் வெளியே போன பிறகு, எதிர்வீட்டு மாசிலாமணி அங்கிளிடம் சாவி வாங்கித் திறந்து, வேலை முடித்துப் பூட்டித் திருப்பிக் கொடுப்பார். எங்கள் கிட்வாய் நகர் காலனியில் அடுத்த வீட்டுச் சாவி ஆணியில் தொங்காத வீடு கிடையாது.

அங்கிள் ஆறுதல் சொல்ல வந்தார். "கேம்ப்புக்குள்ள போயிருச்சுன்னா அவ்வளவுதான் சார். பார்ட் பார்ட்டா பிரிச்சு வித்துருவானுங்க."

அப்பா தலையாட்டினார். ஆதாரமில்லாமல் அலுவலகத்தில் ஒரு கோப்பை நகர்த்தாத மனிதர்! பொன்னியக்கா எடுத்ததை யார் பார்த்தது என்று கேட்டேன். "வாயை மூடு" என்றார். அதுதான் பதில்.

ஆகஸ்ட் 5
பொன்னியக்காவைத் தினமும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி மாலைவரை தரையில் உட்காரவைக்கிறார்கள். மற்ற வீடுகளும் வேலையை விட்டு நிறுத்திவிட்டன. போய்ப் பார்த்தேன்.

"எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிட்டுப் போவேன் தம்பி. எடுக்காததை எங்கேருந்து குடுக்கறது?"

என்ன ஊர் இது! ஏழை என்றால் சாட்சியே வேண்டாமா?

ஆகஸ்ட் 6
அக்கா அழவும் இல்லை, அப்பாவோடு சண்டை போடவும் இல்லை. இவளுக்குக் கோபமே வராதா?

ஆகஸ்ட் 8
வரும். சத்தம் போடாமல் வரும்.

இன்று மாலை அலுவலகத்தில் இருந்தபோது மெசஞ்சர் அவளை வெளியே தள்ளியிருக்கிறது. அவள் பெயரில் வேறு கணினியில் யாராவது நுழைந்தால்தான் அப்படித் தள்ளும். லேப்டாப்பில் மெசஞ்சருக்கும் மெயிலுக்கும் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தாளாம். திறந்தால் தானாக நுழைந்துவிடும். அதாவது யாரோ எங்கோ அதை இணையத்தில் இணைத்திருக்கிறார்கள்.

"உடனே பாஸ்வேர்டை மாத்துக்கா" என்றேன்.

"மாத்தினா கதவு சாத்திக்கும்டா. திறந்தே இருக்கட்டும். வரவன் வரட்டும்."

எனக்கு இந்த நிதானம் எந்த ஜென்மத்திலும் வராது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
எந்த இணைப்பிலிருந்து மெயில் திறக்கப்பட்டது என்று அதிலேயே ஓர் எண் காட்டுகிறது. அக்கா பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டுப் பழைய கணினி எந்த எண்ணில் வெளியே போகிறது என்றும் பார்த்தாள். இரண்டும் ஒன்றே! "நம்ம வீட்டுக்குள்ளயா?" என்றேன். அவள் சிரித்தாள்.

கேபிள்காரர் பண்ட்டி ஒரே ஒரு பெரிய இணைப்பை வாங்கி, மொட்டைமாடி வழியாக ஒயர் இழுத்துக் காலனி முழுக்கப் பிரித்துக் கொடுக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் நாங்கள் எல்லோரும் ஒரே எண். அப்படியானால் லேப்டாப் இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. பண்ட்டியின் ஒயர் மதராசி கேம்ப் இருக்கும் ஜங்புரா பக்கமே போவதில்லை.

அப்பாவிடம் சொன்னோம். "அவ இங்கயே யாருக்காவது வித்திருப்பா" என்றார்.

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அக்கா சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "சரிப்பா. அப்ப வாங்கினவங்களைக் கண்டுபிடிச்சிடலாம்."

ஆகஸ்ட் 12
இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால் பண்ட்டியின் கடை. ஒவ்வொரு கணினிக்கும் உள்ளே தனி அடையாளம் ஒன்று உண்டு. அதைப் பதிந்து அனுமதித்த கணினிக்கு மட்டும்தான் பண்ட்டி நெட் கொடுப்பார். அக்காவின் லேப்டாப்பை வாங்கிய அன்றே பதிந்திருந்தார். அதனால் திருடனுக்கு எந்தத் தடையும் இல்லாமல் ஓடியிருக்கிறது.

இப்போது அது யார் வீட்டு ஒயரில் ஓடுகிறது என்று கேட்டோம். "நஹி தீதி, கஸ்டமர் கா நாம் நஹி போலூங்கா" என்று வாடிக்கையாளர் பெயரைச் சொல்ல மறுத்தார். நான் குரலை உயர்த்தினேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அச்சா, நாம் மத் போலோ. மேரா லேப்டாப் பந்த் கர் தோ."

பெயர் வேண்டாம், என் லேப்டாப்புக்குப் போகும் இணைப்பை மட்டும் அறுத்துவிடு! அவளுடைய பொருள், அதற்கு எப்படி மறுக்க முடியும்? பண்ட்டி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறுத்தார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டெல்லிக்காரர் கரண்ட் இல்லாமல் இருப்பார், தண்ணீர் இல்லாமல் இருப்பார், நெட் இல்லாமல் இருக்க மாட்டார்; உடனே போன் வரும்.

முதலில் போனில், டி.வி. சீரியல் தெரியவில்லை என்று ஒரு பெண்மணி கத்தினார். அடுத்து மணி அடித்தது. பண்ட்டிக்குக் கை நிறைய ஒயர், ஸ்பீக்கரில் போட்டார்.

"பண்ட்டி பையா, நெட் க்யோன் நஹி சல் ரஹா? ஜல்தி டீக் கரோ!"

நெட் வரவில்லையாம், சீக்கிரம் சரிசெய்ய வேண்டுமாம். தெரிந்த குரல். மாசிலாமணி அங்கிளின் மகன் மதன், இன்ஜினீயரிங் படிப்பவன். எங்கள் வீட்டுச் சாவி தொங்கும் ஆணி அவன் வீட்டில்தான் இருக்கிறது. எங்களில் யாருக்கும் இது தோன்றவே இல்லையே!

அக்கா போன் பக்கம் குனிந்து தமிழில் கேட்டாள்: "எதுல வரல மதன்? உன் கம்ப்யூட்டர்லயா, என்னோடதுலயா?"

போன் துண்டிக்கப்பட்டது. பண்ட்டி எழுந்து எங்களுக்குச் சாய் சொன்னார்.

ஆகஸ்ட் 13
அங்கிள் லேப்டாப்பைக் காய்கறிப் பையில் போட்டு எடுத்துவந்தார். "பையன் வாழ்க்கை போயிரும் சார். ஏதோ புத்தி கெட்டுப்போய்... நமக்குள்ள முடிச்சுக்கலாம்."

அப்பா உருகிவிட்டார். "பொருள்தான் வந்துருச்சே. புகாரை வாபஸ் வாங்கிடறேன்."

அக்கா பையைத் தொடவே இல்லை. "வாபஸ் வாங்கினா பொன்னியக்காவை மன்னிச்சு விட்ட மாதிரி ஆகும்பா. அவங்க எடுக்கலைன்னு எழுதுங்க. எங்க இருந்துச்சுன்னும் எழுதுங்க."

"எதிர்வீட்டு மனுசன்டி!"

"பொன்னியக்கா நம்ம வீட்டுக்குள்ள வந்து போன மனுசிப்பா."

கத்துவதற்குத் தயாராக நின்றிருந்தேன். தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 14
அப்பா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். அக்கா பக்கத்திலேயே நின்றாள். அப்படியே எங்களை மதராசி கேம்ப்புக்கும் அழைத்துப் போனாள். அப்பா குடிசைக்குள் குனிந்து நுழையப் போனார். பொன்னியக்கா தடுத்தார்.

"உள்ள வந்து சொல்லாதீங்க சார். வெளிய நின்னு சத்தமா சொல்லுங்க. போலீஸ் வந்தப்ப எல்லாரும் வெளிய நின்னுதான பாத்தாங்க?"

பொன்னியக்கா எடுக்கவில்லை என்று அப்பா சொன்னார். "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றார் பொன்னியக்கா. அப்பா திரும்பவும் சொன்னார்.

திரும்ப வேலைக்கு வருவீர்களா என்று அக்கா கேட்டாள். "உன் மேல கோவமில்ல பாப்பா. அந்தப் படி மட்டும் ஏற மாட்டேன்."

இந்த இரண்டு பெண்களுக்கும் முன்னால் என் கூச்சல் எவ்வளவு சின்னது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
பொன்னியக்காவுக்குப் பின்பக்கத் தெருவில் வேலை கிடைத்துவிட்டது. கேம்ப்பிலிருந்து வேறு யாரும் எங்கள் வீட்டுக்கு வரச் சம்மதிக்கவில்லை. கேட்டுப் பார்த்த எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "பொன்னி வந்தா வரோம்."

சிங்க் நிறையப் பாத்திரம். அம்மா ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கம்ப்ளெய்ன்ட் எழுதின கைதான? தேய்க்கட்டும்."

அப்பா பனியனோடு நின்று தேய்த்துக்கொண்டிருக்கிறார். அடிப்பிடித்த குக்கரைத் தூக்கிக் காட்டி, "இது எப்படிப் போகும்?" என்று கேட்டார். அம்மா டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தார்.