சுபஹான் வாங்கிய ஏர்பிரஷ்

12 ஜனவரி 2025

பீரோ மேலிருந்த பார்சலை இன்று பிரித்தேன். ஐந்து மாதமாக அங்கேயே கிடந்தது. மகன் சுபஹான் ஆன்லைனில் ஆர்டர் போட்டது. அவனை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் கூரியர்க்காரர் வாசலில் நின்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே ஒரு ஏர்பிரஷ். பேனா மாதிரி பிடிக்கிற சின்னத் துப்பாக்கி, மேலே பெயிண்ட் ஊற்ற ஒரு கிண்ணம். கூட ஒரு குட்டி கம்ப்ரசர், ஆறு புட்டி பெயிண்ட். பைக் டேங்க்கில் படம் அடிக்கப் போவதாகப் போனில் சொல்லியிருந்தான். "நல்லா இருக்கிற டேங்க்கை ஏன்டா கெடுக்கிற" என்று சார்ஜாவிலிருந்தே சத்தம் போட்டேன். அவனோடு ஒழுங்காகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பர்வீன் எட்டிப் பார்த்தாள். "எதுக்கு இப்ப அதைப் பிரிக்கிறீக?"

தெரியவில்லை. அவள் அவன் பேரைக்கூடச் சொல்வதில்லை. நான் பார்சலைப் பிரிக்கிறேன். ஆளுக்கு ஒரு கிறுக்கு.

14 ஜனவரி

தெருவெல்லாம் பொங்கல் ஆரவாரம். கம்ப்ரசர் சத்தம் யாருக்கும் கேட்காது என்று மாடித் தகரக் கொட்டகையில் ஓட்டிப் பார்த்தேன். விசையை அமுக்கினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் பெயிண்ட் வரும். இரண்டையும் ஒரே விரல் செய்ய வேண்டும். பத்தொன்பது வருஷம் சார்ஜாவில் வண்டி ஓட்டியவனுக்கு ஒரு விரலை ஓட்டத் தெரியவில்லை. ஒரு கோடு போடப் போய் அட்டை முழுக்க எட்டுக்கால் பூச்சி மாதிரி தெறித்தது.

அட்டை பறக்காமலிருக்கச் சாவிக்கொத்தை மேலே வைத்திருந்தேன். எடுத்தால் சுற்றிலும் நீலம், சாவி கிடந்த இடம் மட்டும் வெள்ளை. காய்ந்த துணி எடுக்க வந்த பர்வீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்த பெறகும் இருக்கே" என்றாள்.

பெயிண்ட் படாத இடம் அப்படித்தான் இருக்கும் என்றேன். சாவியெல்லாம் நீலமானதற்கு அவள் திட்டாமல் போனது அதிசயம்.

23 ஜனவரி

துப்பாக்கி அடைத்துக்கொண்டது. தேவகோட்டை ரோட்டில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேல்பாண்டியிடம் கொண்டுபோனேன். ஊசியை உருவிப் பார்த்துச் சிரித்தார். "தயிரு மாதிரி ஊத்தியிருக்கீக பாய். பாலு மாதிரி இருக்கணும். அடிச்சு முடிச்சதும் கழுவிரணும்."

எதில் அடிக்கப் போறீக என்று கேட்டார். மகன் பைக் டேங்க்கில் என்றேன். முழு உண்மை அது இல்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

முழு உண்மையை இங்கே எழுதலாம். எனக்கு அவன் முகத்தை வரைய வேண்டும். நிஜ அளவில்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. மற்றபடி எனக்கு அவன் முகம் போன் அளவுதான். காய்ச்சல் மூன்றே நாள். நான் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தபோது அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கிவிட்டார்கள். மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள், தெரியும். யாரையும் குறை சொல்லவில்லை. நான் வந்து இறங்கியது மறுநாள் காலை. அடக்குவதற்கு முன்னால் மச்சினன் வீடியோவில் முகத்தைக் காட்டினான். நெட் இழுத்து, படம் கட்டம் கட்டமாக நின்றுவிட்டது. என் மகனை நான் கடைசியாகப் பார்த்தது அப்படி.

திரும்பிப் போகவில்லை. இங்கேயே வாடகைக் கார் ஓட்டுகிறேன். இப்போது இருந்து என்ன?

9 பிப்ரவரி

பர்வீனிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"உருவம் வேணாங்க. அது இருந்தா வானத்து மலக்குமாரு வீட்டுக்குள்ள வரமாட்டாக."

"வராட்டிப் போகட்டும். உசுர எடுக்க ஒருத்தர் வந்துட்டுப் போனது பத்தாதா?"

சொல்லியிருக்கக் கூடாது. யா அல்லாஹ், மன்னிச்சிரு. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு.

10 பிப்ரவரி

பேச்சு இல்லை. சோறு மட்டும் வருகிறது.

2 மார்ச்

முதல் நோன்பு. துப்பாக்கியைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்தேன்.

6 ஏப்ரல்

பெருநாள் முடிந்தது. ஒரு பிளைவுட் பலகைக்கு வெள்ளை அடித்து ஆரம்பித்துவிட்டேன். அவன் அனுப்பிய செல்ஃபி ஒன்று, மூக்குக்கண்ணாடி போட்டுச் சிரிக்கிறான், அதைப் பார்த்து. தள்ளிப் பிடித்தால் நிழல், கிட்டப் பிடித்தால் கோடு. முகத்துக்கு நிழல்தான் வேண்டும். ஒரு கன்னத்துக்கு ஒரு நாள் ஆனது.

பர்வீன் மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். துணியைக் கொல்லையில் காயப்போடுகிறாள்.

27 ஏப்ரல்

முடிந்தது. கடைசியாகக் கன்னத்து மச்சம் ஒரு புள்ளி. வீட்டில் யாருக்கும் அந்த மச்சம் கிடையாது, அவனுக்கு மட்டும்தான்.

நெடுநேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கைலியால் மூடி வைத்தேன்.

28 ஏப்ரல்

சவாரி முடிந்து வந்தால் பர்வீன் மாடியில் இருக்கிறாள். கைலியை விலக்கிப் பலகைக்கு முன்னால் நிற்கிறாள். அழுதிருந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் ஏறினேன்.

"மச்சம் இங்குட்டுல்ல இருக்கும்" என்று தன் வலது கன்னத்தைத் தொட்டாள்.

இல்லை, இடது என்றேன். போனை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவள் அமைதியாகச் சொன்னாள்: "சட்டைப் பையைப் பாருங்க."

பை வலது பக்கம் இருந்தது. எந்தச் சட்டைக்கு வலது பக்கம் பை? அவன் போன், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாற்றி எடுக்கிற போன். ஒரு மாதம் அந்தப் படத்தையே பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

பெத்த புள்ளைக்கு மச்சம் எந்தக் கன்னத்துலன்னு எனக்குத் தெரியல. ஒவ்வொரு லீவுக்கும் வந்து அவன் பக்கத்துல படுத்திருக்கேன். தெரியல. போனைத்தான் நம்பினேன். அத்தா அத்தான்னு கூப்பிட்டானே, நான் என்னத்த அத்தா?

29 ஏப்ரல்

பலகை முழுக்க வெள்ளை அடித்தேன். அவள் சொல்லி இல்லை.

18 மே

நேமத்தான்பட்டி சவாரி. சென்னை ஆட்கள் பழைய பெரிய வீடுகளைப் போட்டோ எடுத்தார்கள். நான் காரிலேயே இருந்தேன். துப்பாக்கியைத் தொட்டு மூன்று வாரம்.

1 ஜூன்

அரிசி டின்னை நகர்த்தினேன். பின்னால் அந்தப் பழைய அட்டை, சாவி கிடந்த வெள்ளையோடு. குப்பையில் போட்டதாக நினைத்திருந்தேன். நான் போட்டிருக்கலாம். எடுத்து வைத்தது அவள். கேட்கவில்லை. டின்னைத் தள்ளி வைத்துவிட்டேன்.

15 ஜூன்

டீ குடித்துக்கொண்டிருந்தேன். பர்வீன் வந்து முன்னால் அவன் மூக்குக்கண்ணாடியை வைத்தாள். அது அவளிடம்தான் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"டேங்க் மேல வச்சுச் சுத்தி அடிங்க. அந்தச் சாவி மாதிரி."

"இதுல பெயிண்ட் படும் பர்வீன்."

"படட்டும். யாரு போடப்போறாக?"

22 ஜூன்

வேல்பாண்டி டேங்க்கைத் தேய்த்து வெள்ளை அடித்துக் கொடுத்துவிட்டார். இன்று காலை மாடியில் நாங்கள் இரண்டு பேர்.

அவள்தான் கண்ணாடியை வைத்தாள். மூன்று தடவை சரி செய்தாள், முகத்தில் போட்டுவிடுவது மாதிரி. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள், நகரச் சொன்னால் கேட்கவில்லை. பால் பதத்தில் நீலம், ஓர் அடி தள்ளி, மெதுவாக நான்கு சுற்று. காய்ந்ததும் அவளே எடுத்தாள்.

ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. ஒரு பக்கக் காதுக் கம்பி கோணலாக விழுந்திருக்கிறது. இடது பக்கம். போன லீவில் நான்தான் அதன் மேல் உட்கார்ந்து வளைத்தேன். "அத்தா, நடக்கிறப்பக் கண்ணாடி ஆடுது" என்று ஒரு வாரம் கேலி செய்தான், மாற்றவே இல்லை.

இது எனக்குத் தெரிகிறது. போன் பார்க்காமல் தெரிகிறது.

கண்ணாடி நீலமாகிவிட்டது. கழுவித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டாள்.

13 ஜூலை

வேல்பாண்டி கிளியர் கோட் அடித்து வண்டியைக் கொடுத்தார். இனி பெட்ரோல் சிந்தினாலும் ஒன்றும் ஆகாது என்றார். அவனை அடக்கிய கபருக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். பர்வீனும் வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். பெண்கள் வெளியே கேட்டோடு நிற்க வேண்டும், அவளுக்கும் தெரியும். நின்றாள்.

திரும்பும்போது பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். பெட்ரோல் போடுகிற அம்மா டேங்க்கைக் குனிந்து பார்த்தார்.

"யாரு கண்ணாடி பாய் இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"சுபஹானோடது. எங்க மகன்."

பதினொரு மாதத்தில் அந்தப் பேர் அவள் வாயிலிருந்து இன்றுதான் கேட்டேன். டேங்க்கை நிரப்பச் சொன்னேன்.