மாற்றுக் குழல்

அம்மா,

அப்பா தூங்கிவிட்டார். இதை நாளை ஜெசி டீச்சரிடம் நாச்சியாபுரத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன். போன் செய்யாதே, அப்பா பார்த்துவிடுவார்.

நீ மாமா வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பிரென் துப்பாக்கியின் வரலாறு ஓயவில்லை. செக் நாட்டில் பிறந்தது, இங்கிலாந்து போய்ப் பெயர் மாறியது, உலகப் போரெல்லாம் முடிந்து அப்பாவோடு கார்கில் வரை வந்தது என்று தினமும் ஒப்பிக்கிறேன். ஒரு சொல் தவறினாலும் பெல்ட்டைக் கழற்றுகிறார்.

"நான் சுடுறேன், குழல் சூட்டுல பழுத்துருச்சு. பக்கத்துல இருக்க நம்பர் டூ என்னடி செய்யணும்?"

"மாத்துக் குழலைப் போடணும்ப்பா."

"யாரைக் கேட்டு?"

"நீங்க சொன்னீகன்னாத்தான்ப்பா."

முன்பெல்லாம் நீதான் நம்பர் டூ. உனக்கு மாற்றாக என்னை வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கானாடுகாத்தான் ஹோட்டலுக்குக் காவல் வேலைக்குப் போனதும் உன்னிடம் ஓடி வந்துவிட நினைத்திருந்தேன். ஆனால் இன்று சாயங்காலம் சின்னவள் அனுசுயாவை மடியில் உட்கார வைத்து, "பிரென் எந்த நாட்டுல பொறந்துச்சு? சொல்லு தங்கம்" என்றார். அந்த ஆறு வயதுப் பிள்ளை சரியாகச் சொன்னாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அடி வாங்கும்போது கேட்டே படித்திருக்கிறாள்.

வந்தால் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போ. என்னை மட்டும் என்றால் வராதே.

உன் மூத்த மகள்