ஸ்கேனில் தெரிந்த அலமாரி

என்னங்க, நீங்களும் சின்னவளும் சுகந்தானே? எனக்கு வலிப்பு வராமல் மூன்று மாதம் ஓடிவிட்டது, பயப்படாதீர்கள். மாத்திரையால் வார்த்தைதான் சட்டென்று வருவதில்லை. ஊரைவிட்டு வந்து வேலை பார்க்கும் இந்தத் தையல்கூடத்தில் கத்தரிக்கோலைக்கூட "அது, அது" என்றுதான் கேட்கிறேன், எல்லோரும் சிரிப்பாய்ச் சிரிக்கிறார்கள்.

அதற்காக நேற்று மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். அசையாமல் படுத்து, வீட்டுச் சாமான்களின் பெயர்களை மனதுக்குள் சொல்ல வேண்டும். முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு நம் அடுக்களை அலமாரியை, உப்பு ஜாடியிலிருந்து மூடி உடைந்த சர்க்கரை டப்பா வரை, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனேன்.

படம் பார்த்த டாக்டரம்மா, "மங்கலா இருந்த இடம் அப்புறம் பளிச்சுன்னு ஆயிடுச்சே, என்னம்மா நினைச்சே?" என்றார். "எங்க வீட்டு அலமாரியை" என்றேன்.

வேலைக்கு மணி அடிக்கிறது. நான் வரும்வரை ஒரு டப்பாவையும் இடம் மாற்றாதீர்கள். துடைத்தாலும் எடுத்த இடத்திலேயே வையுங்கள். அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன் இருக்கிறது.