ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்ட தீபாவளி

என் மஞ்சுவுக்கு,

இன்று சனிக்கிழமை. இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு நம் கீதாவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். தீபாவளி முடிந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. ஆனாலும் நம் வீட்டில் நாளைக்குத்தான் தீபாவளி. உனக்கு இது புதிதில்லை. நான்தான் ஊறுகிற அரிசியை மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டேன்.

மூன்று வருடமாக இந்த வீட்டில் எந்தப் பண்டிகையும் இல்லை. முதல் வருடம் செய்யக்கூடாது என்றார்கள், செய்யவில்லை. அடுத்த வருடம் செய்யலாம் என்றார்கள், அப்போதும் செய்யவில்லை. வாசலில் மாவிலை கட்ட ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஏறி நின்றவன் அப்படியே இறங்கிவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, மஞ்சு.

ஓசூருக்கு நாம் குடிவந்த வருடம் உனக்கு நினைவிருக்கிறதா? நான் உலைப் பிரிவில் சேர்ந்திருந்தேன். மற்ற பிரிவுகளுக்கெல்லாம் பண்டிகை லீவு உண்டு. உலையை மட்டும் அணைக்க முடியாது. அணைத்தால் மறுபடி சூடேற இரண்டு நாள் ஆகும் என்பார்கள். அதனால் பொங்கலானாலும் தீபாவளியானாலும் எங்களில் ஒருவனுக்குத்தான் லீவு. சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்போம். என் பெயர் வரவே வராது. "அதுக்கென்ன ரீ, நம்ம லீவு அன்னிக்கு நம்ம பண்டிக" என்று நீதான் ஆரம்பித்து வைத்தாய். உங்கள் தளிப் பக்கத்துக் கன்னட வழக்கப்படி கடைசிவரை என்னை 'ரீ' என்றுதான் கூப்பிட்டாய்.

அப்படித்தான் நம் வீட்டில் பண்டிகைகள் காலண்டரை விட்டுவிட்டு ஷிப்ட் சார்ட்டைப் பார்த்து வர ஆரம்பித்தன. மாட்டுப் பொங்கலும் முடிந்து கரும்புச் சக்கையைக்கூடக் குப்பை வண்டி அள்ளிப்போன பிறகு, நீ மொட்டை மாடியில் மூன்று செங்கல்லை வைத்துப் பானை ஏற்றுவாய். வீட்டுக்காரம்மா கீழே இருந்து கேட்பார். "ஏம்மா மஞ்சு, உங்க வூட்டுக்கு மட்டும் சூரியன் லேட்டா வருமா?"

"எங்க சூரியனுக்கு செகண்ட் ஷிப்டுங்க" என்பாய் நீ.

உகாதிக்கு வேப்பம்பூவையும் வெல்லத்தையும் கலந்து, நான் வரும்வரை கிண்ணத்தில் மூடி வைத்திருப்பாய். சில வருடம் அது மூன்று நாள்கூடக் காத்திருக்கும். வெல்லம் நீர்விட்டுப் போயிருக்கும், கசப்பு மட்டும் அப்படியே இருக்கும். கீதா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். கார்த்திகை விளக்கை நாம் ஏற்றும்போது தெருவே இருட்டாக இருக்கும். வரலட்சுமி நோன்பை மட்டும் தள்ளிப்போட ஒப்புக்கொள்ள மாட்டாய். நான் இல்லாமலே கும்பிட்டுக்கொள்வாய்.

ஆயுத பூஜை ஒன்றுதான் நமக்கும் அன்றைக்கே வரும். அன்று குடும்பத்தைக் கம்பெனிக்குள் விடுவார்கள். எரிகிற உலைக்குப் பக்கத்தில் நின்று, அந்த அனலில் முகம் சிவக்க, கண்ட்ரோல் பேனலுக்கு நீ சந்தனம் வைப்பாய். "இதுதான் என் சக்களத்தி" என்று ஒருமுறை என் நண்பர்களிடம் உலையைக் காட்டிச் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

இத்தனை வருடத்தில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த ஒரு தடவ தீபாவளிய அன்னிக்கே பண்ணலாம் ரீ. விடியக்காலையில தெருவே எண்ணெ தேச்சிக்கிட்டு நிக்கும்போது நாமளும் நிக்கலாம். எனக்கு ஆசயா இருக்குது." மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவைகூட எடுத்து வைத்தாய்.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன். அந்த வருடம் சீட்டில் என் பெயர்தான் வந்தது.

ஆமாம் மஞ்சு. லீவு எனக்குத்தான் கிடைத்தது. சீட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே ரமேஷ் முகத்தைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பையன், கல்யாணமாகி நான்கு மாதம், தலை தீபாவளி. "நீ போடா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சுற்றி நின்றவர்கள், "அண்ணனுக்குப் பெரிய மனசு" என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஊருக்கு நல்லவனாக இருப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டென்று உனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து உன்னிடம், "சூப்பர்வைசர் லீவு தரல" என்றேன். நீ சட்டையை மடித்துக்கொண்டிருந்தாய். "சரி, ஞாயித்துக்கெழம பண்ணிக்கலாம்" என்றாய்.

தீபாவளியன்று நான் வேலைக்குப் போனேன். நீ உப்புமா கிண்டினாய். அந்த வெள்ளிக்கிழமை, முறுக்குக்கு அரிசி உலர்த்த மாடிக்குப் போனவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். எங்கள் செல்போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கீதா பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். செக்யூரிட்டி உள்ளே ஓடிவந்து சொன்ன பிறகு பைக்கை எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பால் தெளித்தோம்.

அதன்பிறகு நான் உலைக்குப் போகவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது எனக்குத் தினமும் லீவுதான், மஞ்சு. எந்தச் சீட்டும் குலுக்க வேண்டியதில்லை.

இந்த வைகாசியில் கீதாவுக்குக் கல்யாணம் முடித்தேன். மாப்பிள்ளைக்குப் போச்சம்பள்ளியில் வேலை. குணமான பையன். அவர்களுக்கு இது தலை தீபாவளி. முறைப்படி நாம்தான் அழைக்க வேண்டும். உன்னை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்தேன். பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கீதா போன் செய்தாள்.

"அப்பா, அவருக்கு லீவு கெடைக்கலயாம். நாங்க ஞாயித்துக்கெழம வர்றோம். நம்ம வூட்டு வழக்கந்தானே?"

"வந்தா தீபாவளி அன்னிக்கே வாங்க. இல்லன்னா வரவே வேணாம்" என்று கத்திவிட்டேன். பெற்ற பெண்ணின் தலை தீபாவளிக்கு எந்தத் தகப்பன் அப்படிச் சொல்லுவான்?

தீபாவளியன்று காலை அவள் தனியாக பஸ் ஏறி வந்து நின்றாள். கல்யாணமான பெண் தலை தீபாவளிக்குக் கட்டிய புருஷன் இல்லாமல் வருகிறாளே என்று எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னாப்பா ஆச்சி உனக்கு? ஞாயித்துக்கெழமன்னா எதுக்கு அப்படி பயப்படற?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, ரமேஷ், சூப்பர்வைசர் மேல் போட்ட பழி, எல்லாம். சொல்லிவிட்டு அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மாக்குத் தெரியும்பா" என்றாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் நான் வேலையில் இருந்தபோது, ரமேஷ் ஊருக்கு பஸ் ஏறப் போகிற வழியில் நம் வீட்டுக்கு வந்தானாம். "அண்ணன் லீவ எனக்கு விட்டுக் கொடுத்துட்டாருக்கா" என்று சொல்லி ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தானாம். நீ அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தாயாம். அவன் போனதும் கீதாவிடம், "அப்பாகிட்ட ஒன்னும் கேக்காத. அவரே சொல்வாரு" என்றாயாம்.

கீதா இதைச் சொன்னதும் எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. நான் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நீ ஒரு தட்டில் மைசூர்பாகு வைத்து நீட்டினாய். "யார் குடுத்தது?" என்று கேட்டேன். "தெரிஞ்சவங்க" என்றாய். சொல்லிவிட்டு எதிரிலேயே நின்றாய். நான் இரண்டு துண்டு தின்றேன். நெய் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். தட்டை உன்னிடம் கொடுத்துவிட்டு டிவியைப் போட்டேன்.

எவ்வளவு நேரம் நின்றாய், மஞ்சு? நான் வாயைத் திறப்பேன் என்று அன்றைக்கு மட்டும் காத்திருந்தாயா, அடுத்த நான்கு நாளும் காத்திருந்தாயா? மாடிப்படி ஏறும்போதும் மனதில் அதுதான் இருந்ததா? ஏன் நீ கேட்கவில்லை? ஒரு சண்டை போட்டிருக்கலாமே.

கீதா என்னைத் தேற்றத்தான் அதைச் சொன்னாள். "அம்மா கோவப்படலப்பா" என்று இரண்டு தடவை சொன்னாள். நீ கோபப்படவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளே உப்புமா செய்து, சாப்பிட்டு, மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினாள். போகும்போது, "ஞாயித்துக்கெழம வர்றோம், நீ கதவ தொறந்து வை, அது போதும்" என்றாள்.

அவள் போன பிறகு பீரோவைத் திறந்தேன். அந்த வருடம் எடுத்த துணியெல்லாம் அப்படியே இருக்கிறது. என் சட்டைக் காலரில் மஞ்சள் வைத்திருக்கிறாய். கீதாவின் சுடிதார் ஓரத்திலும் வைத்திருக்கிறாய். உன் புடவையில் இல்லை. கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாய். அதற்கு இனி யார் வைத்து என்ன ஆகப்போகிறது? நாளைக்குப் படத்தின் முன்னால் அதைப் படைத்துவிட்டுக் கீதாவிடம் கொடுப்பேன். அவளுக்கு அந்த நிறம் எடுக்காது.

எண்ணெய் காய்ச்சி வைத்துவிட்டேன். முறுக்கு எனக்கு வராது, கடையில் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு மூன்று பேர் புதுத்துணி உடுத்தி, வெடித்து ஓய்ந்துபோன தெருவில் ஒரு சரத்தைக் கொளுத்துவோம். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். உள்ளே ஒன்றும் இருக்காது. அடுத்த வருடமும் இருக்காது என்றுதான் தோன்றுகிறது. உனக்கென்று இனி நான் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. மன்னிப்புக் கேட்டால்கூட, சரி என்று சொல்ல நீ இல்லை.

ஒன்று மட்டும் செய்கிறேன். நாளைக் காலை மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்கும்போது, கீதா அடுப்படியில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கேட்பேன். நிஜமாகவே லீவு கிடைக்கவில்லையா, இல்லை யாருக்காவது விட்டுக்கொடுத்தீர்களா மாப்பிள்ளை? கொடுத்திருந்தால், எண்ணெய்த் தலையோடு அப்படியே எழுந்துபோய் அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்பேன். அவள் உங்கள் எதிரில் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள் என்பேன்.

இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சொல்லாமல் தின்ற,
உன் வீட்டுக்காரன்
முருகேசன்