கழற்றி வைத்த கம்பி

வால் தார்வா,
4 ஜூன் 1996

அன்புத் தம்பி க்ளாவுக்கு,

நலம். உன் அண்ணி மெங்கியா அக்ரூட் கேக் அனுப்பியிருக்கிறாள். உடையாமல் வந்ததா என்று கேட்கிறாள்.

மலையிலிருந்து சேறும் பாறையும் இறங்கினால் சைரனை அலற வைக்க, உன் அலுவலகம் ஓடையின் குறுக்கே கட்டிய கம்பியில் என் ஆடுகள் இடிக்கின்றன. இந்த வாரம் மூன்று முறை சைரன் வீணாகக் கத்தி, ஊரே தேவாலய மேட்டுக்கு ஓடியது. பால்பண்ணையில் ஒருவன், "என்ன கியேரி, ஆட்ட மேய்க்கிறியா, ஊர மேய்க்கிறியா?" என்றான். கம்பியை ஒரு முழம் உயர்த்தச் சொல். நீதானே அங்கே அதிகாரி.

உன் அண்ணன்,
கியேரி

கூர் நகரம்,
12 ஜூன் 1996

அண்ணனுக்கு,

கேக் உடைந்துதான் வந்தது.

கம்பியை உயர்த்த இரண்டு ஆட்கள், அரை நாள் வேலை. ஆனால் விண்ணப்பம் வேண்டும். நீங்கள் ஊர்த் தலைவராக இருந்தபோது, கோடையில் தங்க அப்பா வீட்டில் ஓர் அறை கேட்டேன். சபை நடுவில், எல்லோரும் சிரிக்க, "எழுத்துல குடுடா, பாப்போம்" என்றீர்கள். பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எழுத்தில் கொடுங்கள். மூன்று பிரதிகள்.

க்ளாவ்

வால் தார்வா,
1 ஜூலை 1996

தம்பி,

மூன்று பிரதி அனுப்பினேன். ஊர் முத்திரை இல்லை என்று திருப்பிவிட்டாய். முத்திரை வைத்திருப்பவர் கோடை முழுவதும் மாடுகளோடு மேல்மேய்ச்சலில் இருப்பார் என்பது இங்கே பிறந்த உனக்குத் தெரியாதா?

உன்னிடம் மறைக்கவில்லை. காலையில் ஆடுகள் போகும்போது கொக்கியைக் கழற்றிக் கம்பியைத் தரையில் கிடத்துகிறேன். கடந்ததும் மாட்டிவிடுகிறேன். தப்புதான். என்றைக்காவது மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மெங்கியா சொல்கிறாள்: "கொழுந்தனாருக்குக் கோவம் இருக்கும். ஆனா ஆபத்துன்னா ஓடி வந்துருவாரு." சீக்கிரம் ஆள் அனுப்பு.

கியேரி

கூர் நகரம்,
9 ஜூலை 1996

அண்ணனுக்கு,

நீங்கள் செய்வதாக ஒப்புக்கொண்டிருப்பது குற்றம். நான் புகார் செய்தால் நாளையே ஆட்கள் வந்து கம்பியை உயர்த்திவிடுவார்கள். அந்த உபகாரத்தை உங்களுக்குச் செய்வதாக இல்லை. உங்கள் கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முத்திரை வரட்டும். காத்திருக்கப் பழகுங்கள், நான் பழகவில்லையா?

க்ளாவ்

வால் தார்வா,
1 ஆகஸ்ட் 1996

க்ளாவ்,

திங்கட்கிழமை புல் அறுப்பு. ஆடுகளை ஓட்டிவிட்டுத் திரும்பும்போது மேகம் கறுத்தது. காய்ந்த புல் நனையாமல் உள்ளே சேர்க்க ஓடினேன். கொக்கியை மாட்டவில்லை. மலை உச்சியில் கொட்டிய மழை கீழே தெரியவில்லை. சேறும் பாறையும் ஓடையில் இறங்கியபோது சைரன் கத்தவும் இல்லை. மெங்கியா பாலத்தடியில் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நேற்று கீழ்ப்புல்வெளியில், பாறைகளுக்கு அடியில் கிடைத்தாள்.

விசாரிக்க வந்தவர்கள், "கம்பியக் கழட்டுறது வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்கள். "யாருக்கும் தெரியாது" என்றேன். உன் கடிதங்களை எரித்துவிட்டேன். உன் இழுப்பறையில் இருப்பதோடு நீ இருந்துகொள்.

சனிக்கிழமை அடக்கம். வர நினைத்தால் எழுத்தில் கேள்.

மூன்று பிரதிகள்.

கியேரி