அண்ணனுக்குப் போன கடிதம்

நவம்பர் 4, செவ்வாய்

நூலகத்தில் ஹீட்டருக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி இன்று கிடைத்தது. கதவு திறக்கும்போதே போய்விட்டால் கிடைக்கும். எதிர் நாற்காலிக்காரர் மூன்று மணி நேரம் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை விரித்து வைத்திருந்தார். நான் கட்டடக்கலைப் புத்தகம் ஒன்றிலிருந்து குறிப்பு எடுப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். யாருக்காக இந்த நடிப்பு? அவருக்காகவா?

ஏழு மணிக்குக் கடை. மீந்த சாப்பாட்டின் மேல் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் வரும்வரை நாங்கள் எல்லோரும் சோயா சாஸ் பாட்டில்களின் பின்பக்கத்தைப் படிப்போம். ஒசாகாவில் சோயா சாஸைப் பற்றி இத்தனை பேருக்குக் கவலை! அவர் ஒட்டிவிட்டு இரண்டடி நகர்ந்த பிறகுதான் கையை நீட்ட வேண்டும். யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். இன்று என் கை அதற்கு முன்பே நீண்டுவிட்டது. ஸ்டிக்கர்க்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மீனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

நவம்பர் 6, வியாழன்

அறைகளைச் சுத்தம் செய்யப் போய்க்கொண்டிருந்த விடுதியிலிருந்து போன். "மணிக்கட்டு சரியானதும் சொல்லுங்க மகிகோ-சான், அவசரமே இல்ல." அவசரமே இல்லை என்றால் இனி வராதே என்று அர்த்தம். கோடையில் காப்பீட்டு நிறுவனம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதபோதும் இதே கனிவான குரல்தான். பட்டம் வாங்கி இருபத்து நான்கு வருடம். இதுவரை எந்த வேலையும் என்னுடையதாக இருந்ததில்லை, எல்லாம் ஆறு மாதம் ஆறு மாதமாக இரவல்.

மாடி வீட்டு ஷிமா அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் ஆறு வருடமாக அரசு உதவியில் இருக்கிறாள். அதை மறைப்பதும் இல்லை.

"போய் எழுதிக் குடுடி, காலேஜ் அம்மா. யார் வீட்டுச் சொத்தையா கேக்கப் போற? இத்தனை வருஷம் வரி கட்டினேல்ல?"

"அண்ணனுக்குக் கடிதம் போகும் அக்கா. உங்க தங்கச்சிய வெச்சுக் காப்பாத்த முடியுமான்னு கேட்டு."

"பேசிப் பத்து வருஷம் ஆச்சுன்னு சொல்லு. குடிச்சுட்டு அடிப்பான்னு சொல்லு. அனுப்ப மாட்டாங்க."

"அவர் குடிக்கவே மாட்டார்."

"அவனா இங்க வந்து வாய ஊதிக் காட்டப் போறான்?"

சிரித்துவிட்டேன். சிரித்ததில் இடது கடைவாய்ப் பல் சுண்டி இழுத்தது. இரண்டு மாதமாக வலது பக்கம் மட்டும்தான் மெல்லுகிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வார்டு அலுவலகத்துக்குப் போய்விட்டேன். வாசலில் இரண்டு முறை திரும்பி நடந்தேன், மூன்றாம் முறை உள்ளே. குசுமி என்று ஒரு பெண். என்னைவிட இருபது வயதாவது சின்னவள். மரியாதையாகத்தான் பேசினாள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. வாடகை, மணிக்கட்டு, வங்கிப் புத்தகம். கடைசியில் பேனாவை வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "அண்ணனோட எப்படி? பேச்சு வார்த்தை இருக்கா?"

ஷிமா அக்கா சொல்லித் தந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. வாய் சொன்னது வேறு.

"எங்க அண்ணன் ரொம்ப நல்லவர். குடும்பத்துல எந்தக் குறையும் இல்ல."

வெளியாள் கேட்டால் வீட்டைப் பற்றி அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வளர்த்த வளர்ப்பு. அம்மாவின் குரலிலேயே சொன்னேன். குசுமி மறுபடி பேனாவை எடுத்தாள்.

"நல்லது. அப்போ அவருக்கு ஒரு விசாரணைக் கடிதம் போகும்."

நவம்பர் 12, புதன்

ஷிமா அக்கா: "ஒரு பொய், ஒரே ஒரு பொய்! அதக்கூடச் சொல்லத் தெரியாம நாலு வருஷம் என்னத்தடி படிச்ச?"

நவம்பர் 15, சனி

கடிதம் இன்று போய்ச் சேர்ந்திருக்கும். அல்லது திங்கள்.

மொரியோ அண்ணாவின் வீட்டில் தபால் பெட்டியைத் திறப்பது யார்? அண்ணா காலை ஏழு மணிக்கே டயர் கடைக்குப் போய்விடுவார். வடக்கே அகிதாவில் இது பனி டயர் மாற்றும் காலம், சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அண்ணி மருத்துவமனைச் சமையல்கூடத்தில். வீட்டில் இருப்பது அம்மா. தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டுக் கம்பளிச் சட்டையோடு வெளியே வருவது அம்மா. உறையின் மேல் பெரிய எழுத்தில் ஒசாகா, வார்டு, நல்வாழ்வுப் பிரிவு என்று அச்சிட்டிருக்கும். தபால்காரரும் படித்திருப்பார். அவருடைய அக்கா அம்மாவோடு பள்ளியில் படித்தவள்.

அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், மகள் ஒசாகாவில் பெரிய ஆபீஸில் இருக்கிறாள் என்று. அப்படிச் சொல்லும்படி விட்டது யார்?

நவம்பர் 18, செவ்வாய்

அண்ணாவின் எண்ணை எடுத்தேன். கடிதம் வந்தால் அம்மாவிடம் காட்டாதீர்கள், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஏழு வார்த்தைகூட இல்லை. முதல் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா? வாங்கி என்ன செய்ய? போன கடிதம் போனதுதானே.

நவம்பர் 20, வியாழன்

அரிசியும் முட்டைக்கோசும். நூலகம் இன்று விடுமுறை. படுக்கையில் கோட்டோடு கிடந்தேன். போன் எங்கே என்று பத்து தடவை பார்த்தேன், அடிக்கக் கூடாதே என்றும் பத்து தடவை.

நவம்பர் 23, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அண்ணா கூப்பிட்டார்.

அண்ணா கூப்பிட்டால் சாவு. அப்பா போனபோது ஒருமுறை, சித்தப்பா போனபோது ஒருமுறை. அதனால் எடுத்ததும், "யாருண்ணா?" என்றேன்.

"யாரு என்ன யாரு?"

"யார் போயிட்டாங்க?"

"ஒருத்தரும் போகல. எல்லாரும் இருக்காங்க. அங்க குளிரா?"

"கொஞ்சம்."

"இங்க இன்னும் பனி விழல. டயர் மாத்த வரிசையில நிக்கறானுங்க. விழறதுக்கு முந்தின நாள்தான் புத்தி வரும் இவனுங்களுக்கு. சரி. வெக்கறேன்."

கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வரவில்லையா? வந்தும் கேட்கவில்லையா? இது என்ன புதுத் தண்டனை? கேட்டுத் தொலைச்சா என்ன! திட்டட்டும், எதுக்குடி பொய் சொன்னேன்னு கத்தட்டும். இப்படிக் குளிரா வெயிலான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது.

நவம்பர் 30, ஞாயிறு

மறுபடியும். சரியாகப் பத்து. கடையில் இருந்த ஒரு கிழட்டு லாரியைப் பற்றிப் பேசினார். பின்னால் அம்மாவின் குரல்: "யாரு? மகியா? குடு இங்க."

"ஏண்டி, இவ்வளவு வேலை வாங்கறாங்களா உன்ன? புது வருஷத்துக்குக்கூட விடமாட்டாங்களாமே, உங்கண்ணன் சொல்றான்."

நான் அப்படி எதுவும் அண்ணாவிடம் சொல்லவில்லை.

"ஆமாம்மா," என்றேன்.

அப்படியானால் கடிதம் வந்துவிட்டது. அவர் கைக்குத்தான் வந்திருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

அனுமதி. கையெழுத்துப் போட்டேன். குசுமி கோப்பை மூடப்போனவள் நிறுத்தினாள்.

"உங்க அண்ணன்கிட்ட இருந்து பதில் வந்துடுச்சு. பண உதவி முடியாதுன்னு குறிச்சிருக்கார்."

"சரி."

சரிதான். ஆனாலும் ஒரு நொடி நெஞ்சில் முள். எதிர்பார்த்தேனா என்ன? முடியும் என்று எழுதியிருந்தால் நான்தான் முதலில் செத்திருப்பேன்.

"இன்னொரு கட்டம் இருக்கு. பணம் இல்லாத வேற உதவி. நேர்ல வர்றது, கடிதம், போன். பெரும்பாலும் எல்லாரும் அத அப்படியே விட்டுடுவாங்க." அவள் தாளை என் பக்கம் திருப்பினாள்.

அண்ணாவின் எழுத்து. டயர் கடை ரசீதுகளில் எழுதுவதுபோல் கட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கும் எழுத்து. 'தொலைபேசி' என்பதைச் சுற்றி வட்டம். எத்தனை முறை என்ற இடத்தில்: வாரம் ஒருமுறை. ஞாயிறு காலை பத்து மணி.

"நேரம் போட்டு அனுப்பினவங்கள நான் பாத்ததே இல்ல," என்றாள் குசுமி. சிரிக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு

கூப்பிட்டார். அங்கே முழங்கால் வரை பனி, இங்கே வெயில். நான்கு நிமிடம். தாளைப் பார்த்தேன் என்று சொல்லலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

பல் மருத்துவர். "இவ்வளவு நாள் எப்படித் தாங்கினீங்க?" நல்லவேளை, வாய் நிறையப் பஞ்சு.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. துணி உலர்த்தினேன், மடித்தேன், மறுபடி உலர்த்தினேன். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு நானே அண்ணாவைக் கூப்பிட்டுவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் போல.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மாதான் கூப்பிட்டேன்."

பின்னால் கெட்டில் கொதிக்கும் சத்தம்.

"நான் கூப்பிடறதாத்தான எழுதிக் குடுத்திருக்கு," என்றார். கோபம் போலத்தான் இருந்தது. "கவர்மெண்டு பேப்பர்ல எழுதினா எழுதினபடி செய்யணும். நீ வை."

"அண்ணா..."

"வை மகி. நான் போடறேன்."

வைத்தேன். கடிகாரம் பத்தைத் தொடும்வரை போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடித்தது. இரண்டாவது மணி முடியட்டும் என்று விட்டு, பிறகு எடுத்தேன்.

"குளிரா?" என்றார்.

"ஆமாண்ணா," என்றேன். "ரொம்பக் குளிருது."