பிளக்கிலை பொறி இல்லை

கொழும்புத்துறை,
ஆனி 1992

அன்புள்ள அற்புதராணிக்கு,

மாதாவின்ரை காவலிலை நான் சுகம். உன்ரை இருமல் எப்பிடி? மாமியின்ரை கால் வீக்கம் வத்தினதோ? உங்கை பேசாலையிலை கடல்தொழிலுக்குப் போகினமோ?

இஞ்சை பயப்பிட ஒண்டுமில்லை. போன கிழமை எங்கடை படகு கொஞ்சம் சண்டித்தனம் செய்தது, அவ்வளவுதான். பூநகரியிலையிருந்து காய்ச்சல்காரப் பிள்ளை ஒண்டை ஆசுப்பத்திரிக்கு ஏத்திவரேக்கை நடுவழியிலை எஞ்சின் நிண்டிட்டுது. பிளக்கைக் கழட்டித் துடைச்சுப் பாத்தன், பொறி இல்லை. இந்தத் தடைக்குள்ளை வேறை பிளக் வாங்கி வைச்சிருக்கவும் வழியில்லை. பிறகு பிளக்குக்குப் போற வயரைத் தடவினால், உப்புத்தண்ணி பட்டு நுனி பச்சை பூத்துக் கிடந்தது.

"தம்பி, பிள்ளைக்குக் கண் செருகுது" எண்டு தாய் அழுதா.

"அக்கா, சீலையாலை தண்ணி தெறிக்காமல் மறைச்சுப் பிடியுங்கோ" எண்டன்.

பிள்ளையை மடியிலை கிடத்திப்போட்டு ரெண்டு கையாலையும் பிடிச்சா. நான் நுனியை வெட்டிச் சீவிப் பூட்டி, சைக்கிள் ரியூப் துண்டாலை இறுக்கிச் சுத்தினன். கயித்தை இழுக்க இழுக்க இருமிப்போட்டு, கடைசியிலை எஞ்சின் பிடிச்சுது.

கரையிலை படகுச் சொந்தக்காரர், எங்கடை சம்மாட்டி நீக்கிலாப்பிள்ளை அண்ணை பிள்ளையைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு ஓடினார். நேற்றுத் தாய் தேடி வந்து, பிள்ளை கஞ்சி குடிக்குது எண்டு சொன்னா. அதுக்குப் பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

உடம்பு நல்லா அலுத்துப்போச்சு. இந்த மாசமும் வர ஏலாது போலை கிடக்கு. உடுக்க ஒரு சாரமும், மாமி இடிச்ச மிளகாய்த்தூளும் குடுத்துவிடு. கடிதம் கொண்டுபோறவர் அவசரப்படுத்திறார்.

மகள் சிசிலியாவுக்கு என்ரை படத்தை ஒவ்வொரு நாளும் காட்டு. நான் வரேக்கை அவள் என்னை ஆரோ எண்டு பயந்து அழக்கூடாது.

உன்ரை,
கிறிஸ்துநாயகம்